படங்கு முடியும் இடம்: மலையகத்து முழங்கால்களில் கோடுகள் விழுவது ஏன்?

தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் பெண் விடியற்காலையில் இடுப்பைச் சுற்றிப் படங்கைக் கட்டிக்கொள்கிறாள். முன்பு அது சணல் சாக்கு. இப்போது தடித்த பொலித்தீன் அல்லது தார்பாய்த் துண்டு. செடியில் நிற்கும் பனி உடுப்பை நனைக்காமலும், கிளைகள் வயிற்றையும் தொடையையும் கீறாமலும் காப்பது அந்த ஒரு துண்டுதான். அது முழங்காலை ஒட்டி முடிந்துவிடுகிறது. நிரைக்குள் நுழைந்து சரிவில் ஏற ஏற இன்னும் கொஞ்சம் மேலே சுருண்டுகொள்கிறது. அதற்குக் கீழே தோலுக்கு எந்தக் காவலும் இல்லை.

இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் முழங்காலைச் சுற்றிக் கோடும் கறையும் உள்ள கால்கள் வெகு சாதாரணம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காலில் ஒருவகை, கொழுந்தெடுக்கும் தாயின் காலில் இன்னொருவகை, அடுப்படியில் குந்தியிருக்கும் பாட்டியின் காலில் மூன்றாவது வகை. கேட்டால் "சூடு", "ரத்தம் கெட்டுப்போச்சு" என்ற பதில்தான் வரும். அடுத்த சம்பள நாளில் டவுன் பாமசியில் ஒரு டியூப் களிம்பு வாங்குவார்கள்.

இந்தக் கோடுகளை ஒரே பெயரில் அடக்க முடியாது. அவற்றின் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகிறது. மலையகத்து முழங்காலில் விழும் கோடுகளில் பெரும்பகுதி வளர்ச்சியாலும் வேலையாலும் குளிராலும் சாப்பாட்டாலும் வருகிறது. அவற்றுக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது, டியூபில் இல்லை. சில கோடுகள் மட்டும் வைத்தியரிடம் போயே ஆகவேண்டியவை. இரண்டையும் பிரித்தறிவதற்கே இந்தக் கட்டுரை.

வளர்ச்சி இழுக்கும் கோடு

செடியோ பூச்சியோ படாமலே விழும் கோடுகள் உண்டு. 13, 14 வயதுப் பையன் ஒரே வருடத்தில் காற்சட்டை கட்டையாகும்படி வளர்கிறான். உச்ச வளர்ச்சி ஆண்டில் 9, 10 சென்டிமீற்றர் வரை உயர்வது இயல்பு. பெண் பிள்ளைகளுக்கு இந்த வேகம் ஒன்றிரண்டு வருடம் முந்தியே வந்துவிடும். கால் எலும்பு நீள்வதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முழங்காலுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் இருக்கும் வளர்ச்சித் தட்டுகளில்தான் நடக்கிறது. அதனால் அந்த இடத்துத் தோல் மற்ற இடங்களைவிட வேகமாக நீளவேண்டியிருக்கிறது.

தோலின் மேற்பரப்புக்குக் கீழேயுள்ள அடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்னும் நார்கள் வலைபோலப் பின்னிக்கிடக்கின்றன. இழுவை அந்த நார்களின் தாங்குசக்தியை மீறும்போது உள்ளே அவை அறுந்து மெலிகின்றன. மேல்தோல் கிழிவதில்லை. ஆகவே புண்ணும் இல்லை, வலியும் இல்லை. இழுவை எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்குக் குறுக்காகக் கோடு விழும். எனவேதான் வளரும் பிள்ளையின் முழங்காலுக்கு மேலும் முதுகின் அடியிலும் படிக்கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்குக் கோடுகள் வருகின்றன. தொடக்கத்தில் செம்மை அல்லது ஊதா படிந்திருக்கும். மாதங்கள் போகப் போக வெளுத்து, தடவினால் மட்டும் தெரியும் மெல்லிய பள்ளமாகிவிடும்.

டைபாய்ட் காய்ச்சலில் பல வாரங்கள் படுத்துக்கிடந்து எழுந்த இளவயதினரின் தொடையிலும் முழங்காலிலும் இதே கோடுகளைப் பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். கர்ப்பிணியின் வயிற்றிலும் தொடையிலும் விழுவது இதே இனம்தான். வேகமாக எடை கூடினாலும் வரும்.

சங்கப் பாடல்கள் பெண்ணின் மேனியில் தோன்றும் தேமலைச் சுணங்கு என்றும் திதலை என்றும் பெயரிட்டு அழகாகவே பாடின. இன்று அதே தோலில் ஒரு கோடு விழுந்ததற்காக விளையாட்டுப் போட்டியன்று கட்டைக் காற்சட்டை போட மறுத்து மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறாள் ஒரு பிள்ளை. அவளுக்குச் சொல்லவேண்டியது எளிது: நீ வளர்கிறாய், அதன் அடையாளம் இது, தானாக மங்கும். இதை முழுதாக அழிக்கும் எண்ணெயோ களிம்போ கிடையாது. தேங்காய் எண்ணெய் தோலை மென்மையாக வைத்திருக்கும், அறுந்த நாரை ஒட்டவைக்காது.

செடியும் அட்டையும் எலுமிச்சையும்

தேயிலையைத் தன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். கவ்வாத்து வெட்டி வெட்டி இடுப்பளவுக்கு மேல் போகாமல் வைத்திருக்கிறார்கள். பார்வைக்குப் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல இருக்கும். அதன் அடியில் இருப்பதோ பல பத்தாண்டு முறுக்கேறிய கட்டைகளும் குறுக்கும் நெடுக்குமான கிளைகளும். செடியின் நடுவிலுள்ள கொழுந்தை எட்டிப் பறிக்க, அந்தக் கட்டைக்குள் முழங்காலைக் கொடுத்து முன்னால் சாயவேண்டும். அப்போது முழங்காலின் முன்புறத்திலும் வெளிப்புறத்திலும் மெல்லிய கீறல்கள் விழும். வளர்ச்சிக் கோடு குறுக்காகப் போகும். செடி போடும் கோடு நெடுக்காகவோ சாய்வாகவோ இருக்கும்.

கவ்வாத்து முடிந்த மலை இன்னும் மோசம். வெட்டிய நுனிகள் ஈட்டிபோல நிற்கும். அந்த மலையில்தான் பெண்கள் அடுப்புக்கு மிலாறு என்னும் வெட்டுச் சுள்ளிகளைப் பொறுக்கிக் கட்டுகிறார்கள்.

வெள்ளைத் தோலில் இப்படிப்பட்ட கீறல் சிவந்து ஆறிப்போகும். நம் தோலில் அப்படியில்லை. சிறு அழற்சி ஏற்பட்டாலே நிறமி செய்யும் உயிரணுக்கள் தூண்டப்படுகின்றன. மிகுதியான நிறமி தோலின் உள்ளடுக்கில் இறங்கித் தங்கிவிடுகிறது. கீறல் 5 நாளில் ஆறும், அதன் கறுப்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை அதே மலைக்குத் திரும்பக் கொழுந்துக்கு வருவதால், பழைய கோடு மங்குமுன் புதியது விழுந்துவிடுகிறது. இருபது வருடம் கொழுந்தெடுத்தவளின் முழங்கால் முழுக்கக் கறுத்துத் தடித்திருப்பது இப்படித்தான்.

19ஆம் நூற்றாண்டில் ஹென்றிச் கோப்னர் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஒரு விடயத்தைக் கண்டு சொன்னார். செதிலுதிரும் சோரியாசிஸ் நோய் உள்ளவரின் தோலில் எங்கே கீறல் விழுகிறதோ அங்கே அதே வரிசையில் நோயும் முளைக்கும். வெண்படைக்கும் இது பொருந்தும். அதனால் கீறிய கோட்டின் வழியே வெள்ளிச் செதிலோ பால் வெள்ளையோ தோன்றினால், அது வெறும் கீறல் தழும்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளவேண்டும்.

அடுத்தது அட்டை. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் புல் நுனியெல்லாம் அட்டை எழுந்து நிற்கும். இந்த நிலத்து அட்டைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலேயே சிலோன் இருக்கிறது. அதன் மூன்று தாடைகளும் சேர்ந்து முக்கிளைக் கீறல் ஒன்றைப் போடுகின்றன. இரத்தம் உறையாமலிருக்க அது செலுத்தும் பொருளால் அட்டை விழுந்த பிறகும் நெடுநேரம் இரத்தம் கசியும். கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும். நிரையில் நின்றபடியே ஒரு காலால் மறுகாலைத் தேய்ப்பார்கள், நகத்தால் சொறிவார்கள். கடித்தது ஒரு புள்ளி, சொறிந்ததோ நீளக் கோடு. நாளடைவில் கடிவாய்கள் கறுத்த முடிச்சுகளாக நிற்கும்.

1344இல் சிவனொளிபாதமலைக்கு ஏறிய மொரோக்கோப் பயணி இபின் பதூதா, வழியில் மனிதர் மேல் தாவும் அட்டையைப் பற்றியும், அதன்மேல் பிழிய மக்கள் எலுமிச்சை வைத்திருப்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கண்டி இராச்சியத்தில் 19 வருடம் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலும் அட்டைக்கு இடம் உண்டு. இன்றும் மலைக்குப் போகிறவர்கள் கையில் உப்பு, சவர்க்காரம், எலுமிச்சை இருக்கிறது.

இந்த எலுமிச்சையே ஒரு கோட்டுக்குக் காரணமாகலாம் என்பது பலர் அறியாதது. எலுமிச்சைச் சாற்றில், குறிப்பாக அதன் தோலில், வெயில் பட்டால் விழித்துக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. சாறு பட்ட தோலைக் கழுவாமல் வெயிலில் நின்றால், ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து சிலவேளை கொப்புளித்து, பிறகு கபில நிறமாகிவிடும். சாறு வழிந்த தடம் எப்படியோ அப்படியே கோடு விழும்: முழங்காலிலிருந்து கணுக்கால் நோக்கி, சொட்டுச் சொட்டாக. 1,000 மீற்றர் உயர்ந்தால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மலை குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைக்காததுபோலத் தோன்றினாலும் தோல் அதை அறியும். எலுமிச்சை பூசினால் உடனே தண்ணீரால் கழுவிவிடவேண்டும். உப்புத்தூள் போட்ட துணிப்பொட்டலம் அதைவிட நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தேயிலையில் வாழும் சிலவகை மயிர்க்கொட்டிகள் உரசினால் எரிச்சலோடு தடிப்பு வரிசையாக எழும். எறும்புபோல ஒல்லியாக, செம்மஞ்சளும் கறுப்புமான ஒரு சிறு வண்டைத் தோலில் வைத்து நசுக்கினால் அதன் நஞ்சு தீச்சூடு போட்டதுபோல ஒரு கோட்டை இழுக்கும். முழங்கால் மடிப்பில் அது நசுங்கினால் மடியும் இரு பக்கமும் ஒரேமாதிரிப் புண் தோன்றும். களைமருந்து அடிக்கும் ஆண்களுக்கு வேறு ஆபத்து. முதுகில் டாங்கியோடு, தாங்கள் நனைத்த புல்லுக்குள்ளேயே நடந்து போகிறார்கள். நனைந்த காற்சட்டை முழங்காலில் ஒட்டியிருக்கும் நேரம் முழுவதும் மருந்து தோலை அரிக்கிறது.

குளிர் காயும் கால்

நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவுதான். தை, மாசியில் புல்லிலும் தேயிலையிலும் உறைபனி விழும் விடியல்கள் உண்டு. லயம் எனப்படும் வரிசை வீட்டின் காம்பராவில் சூடு தரும் ஒரே பொருள் மிலாறு எரியும் அடுப்பு. வயதானவர்கள் அதிகாலையும் இரவும் அதன் முன் குந்தி முழங்காலை நீட்டிக் குளிர் காய்கிறார்கள்.

தோலைச் சுடாத, ஆனால் நாள்தோறும் விடாமல் படும் சூடு, அடியிலுள்ள சிறு இரத்தக் குழாய்களைப் பாதிக்கிறது. நாளடைவில் முழங்காலின் உட்புறத்திலும் கணைக்காலிலும் மீன்வலை விரித்ததுபோலக் கபில நிறக் கோடுகள் தோன்றும். அரிப்பு இருக்காது. அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. தொடக்கத்திலேயே அடுப்பைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தால் மெல்ல மங்கிவிடும். பல வருடம் தொடர்ந்தால் நிலைத்துவிடும். அரிதாக அதே இடத்தில் ஆறாத புண் வந்து புற்றாக மாறுவதும் உண்டு. கம்பளி அங்கிக்குள் காங்கிரி என்னும் தணற்சட்டியை வைத்துக் குளிர் காயும் காஷ்மீர மக்களின் தொடையில் வரும் புற்றுநோயை 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வலைக்கோட்டின் நடுவே ஒரு தடிப்போ புண்ணோ இருந்தால் பாட்டியை அழைத்துக்கொண்டு போய்க் காட்டியே ஆகவேண்டும்.

குளிப்பாட்டிய கைக்குழந்தையின் காலிலும் இதேபோல ஊதா வலை தெரியும். அது குளிரில் குழாய்கள் சுருங்குவதால் வருவது. துணியால் பொதிந்து சூடேற்றினால் நிமிடங்களில் மறையும், பயப்படவேண்டியதில்லை.

வறண்ட காற்று வீசும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழே வற்றிய குளத்தடிபோலத் தோல் வெடிக்கும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் உடுப்பு தோய்க்கும் சவர்க்காரமும் தோலின் எண்ணெயை வழித்தெடுத்துவிடுகின்றன. இளஞ்சூட்டு நீரில் குளித்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் பூசுவது இதற்குப் போதும்.

தேரைத் தோல்

முழங்காலையும் முழங்கையையும் தேடி வரும் இன்னொரு அடையாளம் உண்டு. மயிர்க்கால்கள் ஒவ்வொன்றிலும் முள்போல ஒரு முனை கெட்டிப்பட்டு, தடவினால் அரத்தைத் தடவியதுபோலச் சொரசொரக்கும். கொழும்பில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் லூசியஸ் நிக்கல்ஸ் 1933இல் இதை விரித்தெழுதி, தேரை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் சூட்டினார். உலக மருத்துவ நூல்களில் அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. விட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்றே அவர் கருதினார். பின்வந்த ஆய்வுகள் பி வகை விட்டமின்கள், அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள், மொத்தத்தில் போதாத சாப்பாடு ஆகியவற்றையும் சேர்த்துக் காரணமாகக் காட்டின.

கோதுமை மா ரொட்டி, கொஞ்சம் சம்பல், சாயத் தண்ணி என்று ஓடும் நாள்களில் இவை எங்கிருந்து கிடைக்கும்? 2016இல் நடந்த தேசிய மக்கள்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32 சதவீதம். இவர்களில் பலர், வெளியூர்களுக்குக் கரட் அனுப்பும் நுவரெலியா மாவட்டத்தின் பிள்ளைகள். கரட்டிலும் கீரையிலும் உள்ள சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ கூடவே வேண்டும். முட்டையும் நெத்தலியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. பிள்ளையின் முழங்கால் அரம்போலச் சொரசொரத்தால் பூசுமருந்து தேடுமுன் தட்டைப் பார்க்கவேண்டும். மாலையில் கண் மங்குகிறதா என்றும் கேட்கவேண்டும். கிளினிக்கில் எடை போடும் மருத்துவமாது பிள்ளையின் முழங்காலையும் ஒருமுறை தடவிப்பார்ப்பது பயனுள்ள வேலை.

புழுவின் தடம், உணர்விழந்த திட்டு

1916இல் றொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மனிதரின் கொக்கிப்புழு வெறுங்காலில் துளைத்து உள்ளே போய் இரத்தத்தைக் குடிக்கும். நாயின் கொக்கிப்புழுவோ மனிதத் தோலில் நுழைந்தபின் கீழே இறங்க வழி தெரியாமல் மேலடுக்கிலேயே அலையும். நாளொன்றுக்கு ஓரிரு சென்டிமீற்றர் நகர்ந்து, சிவந்த, அரிக்கும், பாம்புபோல வளைந்த கோட்டை விட்டுச்செல்லும். மண்ணில் மண்டியிட்டு விளையாடும் பிள்ளைகளின் முழங்கால் அதற்கு ஒரு வாசல். கோடு இடம் நகர்வதே இதன் அடையாளம். மாத்திரையில் குணமாகும்.

நெருக்கமான காம்பராக்களில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வருவது சிரங்கு. இரவில் கூடும் அரிப்பும் விரலிடுக்குப் புண்ணும் அதைக் காட்டிக்கொடுக்கும். வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் தீரும்.

வெளுத்த திட்டு ஒன்று இருக்கிறது, தொட்டால் உணர்வில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். 1708இல் ஒல்லாந்தர் கட்டிய ஹெந்தளை மருத்துவமனை இந்த நோயாளிகளை ஊரிலிருந்து பிரித்து வைத்த காலத்தின் சின்னம். 1983 முதல் இலங்கையில் கூட்டு மருந்துச் சிகிச்சை நடைமுறையில் இருக்கிறது. இலவச மாத்திரையால் முழுதாகக் குணமாகும் நோய் இது. மறைத்து வைப்பதால்தான் விரல் போகிறது.

நாள் முழுக்க நின்று, முதுகில் கூடைப் பாரத்தோடு ஏறி இறங்கும் உடம்பில் முழங்காலின் பின்புறம் நீலமும் பச்சையுமாகச் சுருண்டு தெரிவது நரம்பு என்று சொல்லப்பட்டாலும் இரத்த நாளம்தான். கணுக்காலைச் சுற்றிக் கறுத்து அரிக்கத் தொடங்கினால் காட்டவேண்டும். இரவில் காலை உயர்த்தி வைத்துப் படுப்பது சற்று ஆறுதல் தரும்.

டியூப் போடும் கோடு

மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே மருந்து வாங்கப்படுகிறது: பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்டீராய்ட் கலந்த களிம்பு. பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கி நிறமும் வெளுப்பதால் நம்பிக்கை பிறக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் கைமாறுகிறது. ஆனால் அதே மருந்து கொலாஜன் நார் உருவாவதைத் தடுத்துத் தோலை மெலியச்செய்கிறது. வாரக்கணக்கில் பூசினால் தொடையின் உட்புறத்திலும் முழங்கால் மடிப்பிலும் அகலமான செவ்வூதா வரிகள் விழும். வளர்ச்சிக் கோடுபோல மங்குவதில்லை, நிலைத்துவிடும். படர்தாமரைமேல் பூசினால் அரிப்பு மட்டும் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே போகும். இந்தத் தொல்லை பெருகியதால் 2018இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்ட் களிம்புகளை வைத்தியரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று விதித்தது.

கோட்டைப் போக்க வாங்கும் டியூப் இன்னும் ஆழமான கோட்டைப் போடுகிறது. சிவப்பாக்கும் கிறீம்களுக்கும் மூட்டுவலிக்கு விற்கும் பெயரில்லாத பொடிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். விரல் அகலத்துக்கு ஊதா வரிகள், உருண்டு ஊதிய முகம், மாடிப்படி ஏற முடியாத சோர்வு, சும்மா இடித்தாலே கன்றிப்போகும் தோல் இவையெல்லாம் சேர்ந்து வந்தால் உடலில் ஸ்டீராய்ட் மிகுந்துவிட்டது என்று பொருள். உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பலநாள் உண்ட மாத்திரையைத் தானாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

பார்த்தறிதல்

வீட்டிலேயே கேட்டுப் பார்க்கச் சில கேள்விகள் போதும். கோடு குறுக்கா, நெடுக்கா, வலையா, வளைந்து நகர்கிறதா? முழங்காலின் முன்பக்கமா, உட்பக்கமா, பின்பக்கமா? தொட்டால் உணர்வு இருக்கிறதா? எந்த மாதத்தில், எந்த வேலை செய்தபோது வந்தது? அதன்மேல் என்ன பூசினீர்கள்? இவற்றுக்கு விடை தெரிந்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். உணர்வில்லாத திட்டு, நகரும் கோடு, வெள்ளிச் செதில், ஆறாத புண், அகலமான ஊதா வரி ஆகிய ஐந்தும் காத்திருக்கக்கூடாதவை.

தோட்டத்து டிஸ்பென்சரி முதற்படி. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டி 2017 மே மாதம் திறந்த 150 கட்டில் வைத்தியசாலையும், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் அடுத்த படிகள். போவதற்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும் என்பதுதான் பல பெண்களைத் தடுக்கிறது. அந்தக் கணக்கு புரிகிறது. ஆனாலும் மேற்சொன்ன ஐந்தில் ஒன்றுக்காக இழக்கும் ஒரு நாள் வீண்போகாது.

மீதிக் கோடுகளுக்குத் தோட்ட நிர்வாகம் பொறுப்பேற்கவேண்டும். படங்கு முடியும் இடத்திலிருந்து தொடங்கிக் கணுக்கால்வரை மூடும் தடித்த கால் உறை, காலளவுக்கேற்ற பூட்ஸ், களைமருந்து அடிப்பவருக்கு வேலை முடிந்ததும் கழுவத் தண்ணீரும் மாற்றுடையும், அடுப்புக்குப் புகைபோக்கி, காம்பராவுக்குக் குளிர் தடுக்கும் கூரை. இவற்றில் ஒன்றுகூடப் புதுக் கண்டுபிடிப்பில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து கொழுந்து எடுக்கும் விதமும் மலையின் சரிவும் பெரிதாக மாறவில்லை. இத்தனை தலைமுறை கடந்தும், பனியும் கட்டையும் அட்டையும் காத்திருக்கும் மலைக்குள் முழங்காலுக்குக் கீழே வெறுந்தோலோடுதான் பெண்கள் இறங்குகிறார்கள். அந்தப் படங்கு இன்னும் ஒரு முழம் நீளவேண்டும்.